எலும்புக்கு வேலி தசையே

முதுமை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் உருவம் எது? கூனிய முதுகு, கையில் ஒரு கோல், தள்ளாடும் நடை. பள்ளி நாடகத்தில் பாட்டி வேடம் ஏற்கும் மாணவி முதலில் செய்வது என்ன? முதுகை வளைத்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொள்வதுதான். அரங்கு முழுவதும் சிரிக்கிறது. தலை நரைப்பது போல, முகத்தில் சுருக்கம் விழுவது போல, முதுகு கூனுவதும் எலும்பு முறிவதும் வயதானால் வந்தே தீரும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இது உண்மைதானா? மருத்துவ அறிவியல் இன்று வேறு விதமாகச் சொல்கிறது. முதிய பெண்கள் பலரிடம் கூனல் என்பது முதுகெலும்பில் ஓசையின்றி நிகழ்ந்துவிட்ட முறிவுகளின் அடையாளம். வேறு பலரிடம் அது முதுகைத் தாங்கும் தசைகள் தளர்ந்துபோனதன் அடையாளம். இவ்விரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. எலும்பு வலுவிழக்கும்போது தசையும் வலுவிழக்கிறது. தசை வலுப்பெறும்போது எலும்பும் பாதுகாப்புப் பெறுகிறது. இவ்வுறவைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாட்டி, ஆச்சி, அப்பத்தா, அம்மாச்சி என்று எப்பெயரால் அழைத்தாலும், நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இச்செய்தி தேவைப்படும் ஒருவர் இருக்கிறார். இன்னொருவரும் இருக்கிறார். அவர் யார் என்பதை இறுதியில் காண்போம்.

எலும்பு உயிருள்ள பொருள்

அறிவியல் ஆய்வகத்தின் மூலையில் நிற்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு, எலும்பு என்றால் உலர்ந்து கெட்டியான ஒரு பொருள் என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. ஆனால் நம் உடலினுள் இருக்கும் எலும்பு அத்தகையதன்று. அதனுள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, நரம்புகள் செல்கின்றன, உயிரணுக்கள் ஓயாமல் உழைக்கின்றன.

காங்கிரீட் கட்டடத்தில் இரும்புக் கம்பியும் சிமெண்டும் சேர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். எலும்பும் ஏறத்தாழ அப்படித்தான். கொல்லாஜன் என்னும் புரத நார் கம்பி போல அமைகிறது. கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த தாது உப்பு சிமெண்டு போல அதன்மீது படிகிறது. நம் உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலுமே இருக்கிறது.

இக்கட்டடத்தில் இரு வகை வேலையாட்கள் உள்ளனர். ஒரு வகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன. மற்றொரு வகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. இடிப்பதும் கட்டுவதும் வாழ்நாள் முழுதும் நடந்துகொண்டே இருக்கின்றன. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

இளமையில் கட்டுவோரின் கை ஓங்கி நிற்கும். பெண்குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைவதற்குள், அவள் வாழ்நாளில் பெறக்கூடிய எலும்புச் செல்வத்தில் 90 விழுக்காடு வரை சேர்ந்துவிடுகிறது. முப்பது வயதை எட்டும்போது சேமிப்பு உச்சத்தை அடைந்துவிடும். அதன்பின் மெல்ல மெல்லச் செலவு தொடங்குகிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இச்செலவு திடீரென்று பெருகுகிறது. காரணம், இடிப்போரைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைந்துவிடுவதே. இத்தொடர்பை 1941ஆம் ஆண்டிலேயே பாஸ்டன் நகர மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் எடுத்துக்காட்டினார். மாதவிடாய் நின்ற பின் வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள், ஒரு பெண் தன் எலும்பின் அடர்த்தியில் 20 விழுக்காடு வரை இழந்துவிடக்கூடும்.

இவ்வாறு அடர்த்தி குறைந்து, உள்ளே புரையோடிப்போன எலும்பின் நிலையையே எலும்புப்புரை நோய் என்கிறோம். உலக நலவாழ்வு நிறுவனம் 1994ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தது. இந்நோய் வலியின்றி வருவது. தேங்காய் வெளியே முழுதாகத் தோன்ற, உள்ளே பருப்பு வற்றிப்போயிருப்பது போல, எலும்பு முறியும்வரை இது வெளியே தெரிவதில்லை. முறிவு பெரும்பாலும் மூன்று இடங்களில் நேர்கிறது: மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்து. இவற்றுள் கொடியது மூன்றாவதே. மேலை நாட்டுக் கணக்குகளின்படி, தொடை எலும்பின் கழுத்து முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். உயிர் பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் நடப்பதில்லை. "பாட்டி விழுந்தார்கள், படுத்தார்கள், போய்விட்டார்கள்" என்று பல குடும்பங்களில் சொல்லக் கேட்கிறோமே, அதன் பொருள் இதுதான்.

தசையும் தேய்கிறது

எலும்பின் தேய்மானத்தைப் பற்றிப் பலர் பேசுகின்றனர். தசையின் தேய்மானத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. முதுமையில் தசை குறைவதற்கு ஒரு பெயர்கூட நெடுங்காலம் இல்லாமலிருந்தது. அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் 1989ஆம் ஆண்டில் சார்க்கோபீனியா என்று அதற்குப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் தசை. 'பீனியா' என்றால் வறுமை. தசையின் வறுமை! எவ்வளவு பொருத்தமான பெயர்!

நம் தசையில் இரு வகை நார்கள் உண்டு. மெதுவாக இயங்கி, நெடுநேரம் சோர்வின்றி உழைப்பவை ஒரு வகை. கண் இமைக்கும் நேரத்தில் சுருங்கி, மிகுந்த விசையை எழுப்புபவை மற்றொரு வகை. முதுமையில் பெரிதும் தேய்வது இவ்விரண்டாம் வகையே. வயலிலும் சந்தையிலும் மெல்ல நெடுந்தூரம் நடக்கக்கூடிய மூதாட்டி, வாசற்படியில் கால் இடறினால் மட்டும் சட்டென்று நிலைகொள்ள முடியாமல் விழுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? இடறிய நொடியில் மற்றொரு காலை விரைந்து முன்வைத்து உடலைத் தாங்க வேண்டும். அதற்கு வேண்டிய விசை நார்களே தேய்ந்துவிட்டன.

இத்தேய்மானத்தை நாமே விரைவுபடுத்தவும் செய்கிறோம். எப்படி? அன்பினால்தான். "நீங்கள் சும்மா உட்காருங்கள் பாட்டி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எல்லா வேலைகளையும் அவர் கையிலிருந்து வாங்கிவிடுகிறோம். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சராசரி 67 வயதுடைய, நோயற்ற பதினொரு பேர் பத்தே நாட்கள் படுக்கையில் இருந்தனர். அப்பத்து நாட்களில் அவர்களது கால்கள் இழந்த தசை ஏறத்தாழ ஒரு கிலோ! முழங்காலை நீட்டும் வலிமையிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பத்து நாளில் இவ்வளவு என்றால், பத்து ஆண்டுகள் நாற்காலியிலேயே கழிப்பவரின் நிலை என்னவாகும்?

நாற்காலி சொல்லும் செய்தி

அமெரிக்காவின் நான்கு நகரங்களில், 65 வயதுக்கு மேற்பட்ட 9,516 பெண்களை மருத்துவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தனர். யார் யாருக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிகிறது என்று குறித்துக்கொண்டனர். அவ்வாய்வின் முடிவை ஸ்டீவன் கம்மிங்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1995ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எலும்பின் அடர்த்தி குறைந்தவர்களுக்கு முறிவு மிகுதி என்பதை அது காட்டியது. அது எதிர்பார்த்ததே. ஆனால் அதனுடன் வேறொன்றும் வெளிப்பட்டது. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ இயலாத பெண்களுக்கு, எழ முடிந்தவர்களைவிட முறிவு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நாள் முழுவதிலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் காலூன்றி நிற்காதவர்களுக்கும் முறிவு மிகுதியாயிருந்தது. நடைப்பயிற்சி செய்தவர்களுக்கோ குறைவாயிருந்தது.

இதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். நாற்காலியிலிருந்து எழுவதற்கு உதவுவது எலும்பா? தொடைத் தசை அல்லவா! எலும்பு முறியுமா முறியாதா என்ற கேள்விக்கு விடை எலும்பில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை; அதைச் சுற்றியுள்ள தசையிலும் எழுதப்பட்டிருக்கிறது. விலையுயர்ந்த எந்தக் கருவியும் இன்றி, ஒரு சாதாரண நாற்காலியே நமக்கு இதைச் சொல்லிவிடுகிறது.

தசை எலும்பைக் காக்கும் மூன்று வழிகள்

தசை எலும்பை எவ்வாறு காக்கிறது?

முதலாவதாக, தசை எலும்பைக் கட்டுகிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டில் ஒரு கருத்தை நூலாக வெளியிட்டார். எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்பதே அது. தசை சுருங்கும்போது, தான் பற்றியிருக்கும் எலும்பை இழுக்கிறது. எலும்பினுள் உறைந்திருக்கும் உயிரணுக்கள் அவ்விழுப்பை உணர்ந்து, "இங்கே உறுதி தேவை" என்று கட்டுவோருக்குச் செய்தி அனுப்புகின்றன. டென்னிஸ் ஆடுவோரின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றொரு கையைவிடத் தடித்திருப்பது இதனாலேயே. இதற்கு நேர்மாறான சான்று விண்வெளியில் கிடைக்கிறது. எடையற்ற நிலையில் மாதக்கணக்கில் மிதக்கும் விண்வெளி வீரர்கள், நல்ல உடல்நலம் உடையவர்களாயிருந்தும், இடுப்புப் பகுதி எலும்பில் மாதத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் இழக்கின்றனர். சுமையில்லாத எலும்பு தன்னைத் தானே கரைத்துக்கொள்கிறது.

இரண்டாவதாக, தசை நம்மை விழாமல் காக்கிறது. தொடை எலும்பின் கழுத்து முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை விழுவதாலேயே நேர்கின்றன. அதுவும் பெரும்பாலும் பக்கவாட்டில் விழுவதால். விழாத எலும்பு, புரையோடியிருந்தாலும், பெரும்பாலும் முறிவதில்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய இடங்களிலுள்ள தசைகளே நம்மை நிலைநிறுத்தும் காவலர்கள்.

மூன்றாவதாக, தசை எலும்பின் சுமையைத் தான் தாங்கிக்கொள்கிறது. முதுகெலும்பு, ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளால் ஆன கோபுரம். நாம் நிமிர்ந்து நிற்கும்போது முதுகுத் தசைகள் பின்னாலிருந்து கயிறு போல இழுத்து அதைத் தாங்குகின்றன. அத்தசைகள் தளர்ந்தால் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. உடலின் எடை முழுவதும் முள்ளெலும்புகளின் முன்விளிம்பில் அழுந்துகிறது. புரையோடிய முள்ளெலும்பு அவ்வழுத்தத்தில் ஆப்பு வடிவாக நசுங்கிவிடுகிறது. குனிந்து ஒரு குடத்தைத் தூக்கும்போதோ, தும்மும்போதோகூட இது நேர்ந்துவிடலாம். ஒன்று நசுங்கினால் கூனல் கூடுகிறது. கூனல் கூடினால் அடுத்ததன்மீது அழுத்தம் கூடுகிறது.

ரோச்செஸ்டர் நகரின் ஐம்பது பெண்கள்

மேற்கூறிய மூன்றாம் வழி வெறும் ஏட்டுக் கருத்தன்று என்பதை அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ரோச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. மெஹர்ஷீத் சினாக்கி என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதை நடத்தினர்.

மாதவிடாய் நின்ற, உடல்நலமுள்ள பெண்களை அவர்கள் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் இரண்டாண்டுகள் முதுகுத் தசைக்கான பயிற்சி செய்தனர். பயிற்சி மிக எளியது. குப்புறப் படுத்து, முதுகில் எடை வைத்த ஒரு பையைச் சுமந்துகொண்டு, தலையையும் மார்பையும் சற்றே உயர்த்தி இறக்க வேண்டும். ஒரு நாளில் பத்து முறை. வாரத்தில் ஐந்து நாள். அவ்வளவுதான். மற்றப் பிரிவினர் தங்கள் வழக்கப்படியே வாழ்ந்தனர். இரண்டாண்டு முடிவில் அளந்து பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களின் முதுகு வலுத்திருந்தது. ஆனால் எலும்பின் அடர்த்தியில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. அத்துடன் பயிற்சி நின்றது.

எட்டாண்டுகள் கழிந்தன. பத்தாம் ஆண்டில் ஐம்பது பெண்களை மீண்டும் பரிசோதித்தனர். பயிற்சி செய்தவர்கள் 27 பேர். செய்யாதவர்கள் 23 பேர். ஒவ்வொருவருக்கும் பதினான்கு முள்ளெலும்புகள் ஆராயப்பட்டன. பயிற்சி செய்யாதவர்களின் 322 முள்ளெலும்புகளில் 14 நசுங்கியிருந்தன. பயிற்சி செய்தவர்களின் 378 முள்ளெலும்புகளில் நசுங்கியவை 6 மட்டுமே. அதாவது 4.3 விழுக்காட்டுக்கு எதிராக 1.6 விழுக்காடு. பயிற்சி நின்று எட்டாண்டுகள் ஆகியும், அவர்களது முதுகுத் தசை மற்றவர்களைவிட வலுவாகவே இருந்தது. இரண்டாம் ஆண்டில் தோன்றாத எலும்பு அடர்த்தியின் வேறுபாடும் பத்தாம் ஆண்டில் தெளிவாகத் தோன்றியது. இம்முடிவு 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

ஐம்பது பேர் என்பது சிறிய தொகைதான். இதை மட்டும் வைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல இயலாது. எனினும் விதைத்த நாளில் பலன் தெரியாவிட்டாலும் விதை மண்ணில் வேலை செய்துகொண்டிருக்கும் என்ற உண்மையை இந்த ஆய்வு நமக்குக் கற்பிக்கிறது.

இதே மருத்துவர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு முடிவு எச்சரிக்கை தருவது. முதுகெலும்பில் புரை நோய் கண்ட 59 பெண்களை அவர் கவனித்தார். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கே மேலும் முறிவு ஏற்பட்டது. பயிற்சியே செய்யாதவர்களில் 67 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது. முன்னோக்கிக் குனியும் பயிற்சி செய்தவர்களிலோ 89 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது! ஆகவே எந்தப் பயிற்சியும் நல்லது என்று எண்ணிவிடலாகாது. எலும்பு புரையோடியவர்கள் குனிந்து கால்விரலைத் தொடுவது போன்ற பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே முறிவு கண்டவர்கள் மருத்துவரைக் கேட்டே எதையும் தொடங்க வேண்டும்.

தொண்ணூறு வயதிலும் தசை வளருமா?

"வயதான பின் பயிற்சி செய்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். இதற்குப் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்று விடை தந்தது. மரியா பியாத்தரோனே என்னும் மருத்துவர் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் பத்துப் பேர். அவர்களின் சராசரி வயது 90. பலவீனமடைந்திருந்த அம்முதியவர்கள் எட்டு வாரங்கள் கால்களால் எடை தூக்கிப் பழகினர். முடிவில், பயிற்சியை நிறைவு செய்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. அதாவது ஒன்றாயிருந்தது இரண்டரைக்கு மேலாயிற்று. தொடைத் தசையின் பருமனும் கூடியது. தசை எந்த வயதிலும் பாடம் கற்கும் மாணவி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வலிமை கூடினால் விழுவது குறையுமா? நியூசிலாந்து நாட்டின் டனீடின் நகரில், 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களிடம் இது சோதிக்கப்பட்டது. அவர்களுள் 116 பேருக்கு, வீட்டிலேயே செய்யக்கூடிய கால் வலிமைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கற்றுத்தரப்பட்டன. ஓராண்டில் பயிற்சி பெறாத பிரிவினர் 152 முறை விழுந்தனர். பயிற்சி பெற்றவர்கள் 88 முறையே விழுந்தனர். இது வெளியானது 1997ஆம் ஆண்டில். பிற்காலத்தில் பல நாடுகள் இம்முறையைப் பின்பற்றின.

எலும்பும் வலுக்குமா? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், எலும்பின் அடர்த்தி குறைந்த 101 பெண்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு 2018ஆம் ஆண்டில் அச்சாயிற்று. பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில், வாரம் இருமுறை, அரை மணி நேரம் வீதம் எட்டு மாதங்கள் அவர்களில் ஒரு பிரிவினர் பாரம் தூக்கினர். அவர்களது கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு உயர்ந்தது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு அது 1.2 விழுக்காடு குறைந்தது. கண்காணிப்பு இல்லாமல் இத்தகைய கனமான பாரத்தைத் தூக்கலாகாது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

நம் பாட்டிமாரின் இளமைக் காலத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் உலக்கையும் வீட்டுக்கு வீடு இருந்தன. கிணற்றில் நீர் இறைத்தார்கள். குடத்தை இடுப்பில் சுமந்தார்கள். தரையில் அமர்ந்து உண்டு, கையூன்றாமல் எழுந்தார்கள். அவ்வேலைகளில் துன்பமும் இருந்தது. அவற்றை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மிக்சியும் கிரைண்டரும் வந்ததில் தவறில்லை. ஆனால் அவை எடுத்துக்கொண்ட உழைப்புக்கு ஈடாக ஏதேனும் ஒன்றை நாம் உடலுக்குத் திருப்பித் தர வேண்டுமல்லவா?

அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையூன்றாமல் எழுந்து அமர்வதைப் பத்து முறை செய்யலாம். தொடக்கத்தில் கையூன்றினாலும் தவறில்லை. ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி விரல்களில் நின்று இறங்கலாம். சுவரருகே நின்று, ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்கப் பழகலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மேலும் கீழும் உயர்த்தலாம். நாளடைவில் எண்ணிக்கையையும் எடையையும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் தசை வளராது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம் போன்றவை உடையவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

உணவும் முக்கியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு 1200 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு தம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். முள்ளோடு உண்ணும் நெத்திலி, எள், முருங்கைக் கீரை ஆகியவையும் கால்சியம் நிறைந்தவையே. தசைக்குப் புரதம் வேண்டும். பல் போன பின் வெறும் கஞ்சியும் ரசமும் மட்டும் உண்டு காலம் தள்ளும் மூதாட்டியருக்குப் புரதம் எங்கிருந்து வரும்? குழைய வேக வைத்த பருப்பு, மசித்த சுண்டல், முட்டை, தயிர், மீன் ஆகியவற்றை அவர்கள் தட்டில் வைப்பது நம் பொறுப்பு. உண்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதை நம் தோல் வெயிலில் இருந்து தயாரித்துக்கொள்ளும். நாள் முழுதும் அறைக்குள்ளேயே இருப்பவருக்கு அது குறைந்துவிடும்.

வீட்டையும் சற்றுச் சுற்றிப் பாருங்கள். ஈரமான குளியலறைத் தரை, வழுக்கும் மிதியடி, சுருண்டு கிடக்கும் பாய், இரவில் விளக்கில்லாத நடை, நெடுநாள் மாற்றாத மூக்குக்கண்ணாடி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு முறிவுக்குக் காரணமாகலாம். இவற்றைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எலும்புப்புரை நோய்க்கு நல்ல மருந்துகளும் இன்று உண்டு. பயிற்சி மருந்துக்கு மாற்றன்று. மருந்து பயிற்சிக்கு மாற்றன்று. மருந்து எலும்பைக் காக்கும். ஆனால் இடறிய காலைத் தாங்கிப் பிடிக்காது. அதைத் தசைதான் செய்ய வேண்டும்.

அந்த இன்னொருவர் யார்?

தோழியரே, தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த இன்னொருவர் வேறு யாருமல்லர், நாமேதான்! பதினெட்டு வயதுக்குள் எலும்புச் செல்வத்தில் 90 விழுக்காடு வரை சேர்ந்துவிடும் என்று பார்த்தோம். அப்படியானால் நம் எழுபதாம் வயதின் எலும்பு இப்பொழுதுதான், இப்பள்ளி நாட்களில்தான் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. சேமிக்க வேண்டிய காலத்தில் சேமிக்காதவர் செலவு வரும்போது என்ன செய்வார்?

கானடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துப் பள்ளிகளில் ஓர் எளிய முறையைச் சோதித்தனர். பள்ளி மணி அடிக்கும்போது, நாளுக்கு மூன்று முறை, முறைக்குப் பத்துத் தடவை, மாணவ மாணவியர் எழுந்து குதிக்க வேண்டும். எட்டு மாதங்களில், குதித்த குழந்தைகளின் தொடை எலும்பின் மேற்பகுதி, குதிக்காதவர்களைவிடக் கூடுதலாக வலுப்பெற்றிருந்தது. இது 2005ஆம் ஆண்டில் வெளியான செய்தி. ஒரு நாளில் முப்பது குதி! பாண்டி ஆட்டத்திலும் கயிறு தாண்டுவதிலும் நம் சிறுமிகள் இதைவிட எத்தனையோ மடங்கு குதித்துவிடுகிறார்களே! ஆனால் எட்டாம் வகுப்புத் தாண்டியதும் நாம் என்ன செய்கிறோம்? விளையாட்டு வகுப்பில் மரத்தடி நிழலைத் தேடுகிறோம். "தலை வலிக்கிறது மிஸ்" என்கிறோம். தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பு முதலில் கணக்கு வகுப்பாக மாறிவிடுகிறது. உடல் மெலிய வேண்டுமென்று காலை உணவைத் தள்ளிவிடும் வழக்கமும் நம்மிடையே பரவியிருக்கிறது. இவையெல்லாம் இன்று நமக்கு ஒரு பொருட்டாகத் தோன்றா. அவற்றின் கணக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்தே நம்மிடம் வரும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. எலும்பு சுவர் என்றால், தசை அச்சுவரைக் காக்கும் வேலி. ஆகவே இந்த ஆண்டு நாம் இரண்டு காரியங்கள் செய்வோம். விளையாட்டு வகுப்பை வீணாக்காமல் ஓடுவோம், குதிப்போம், பந்தெறிவோம். மாலையில் வீடு திரும்பியதும், வீட்டு மூதாட்டியிடம் "நீங்கள் சும்மா உட்காருங்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, "வாருங்கள் பாட்டி, பத்து முறை எழுந்து உட்காருவோம், நானும் உங்களோடு எண்ணுகிறேன்" என்று கையை நீட்டுவோம். அவருக்கு அது வலிமை; நமக்கு அது பாடம்.